அரை டிக்கட்டா, முழு டிக்கட்டா?

உங்கள் வீட்டில் 13 வயதில் ஒரு பிள்ளை இருக்கிறதா? இருந்தால் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்காமல் பதில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டரிடம் அரை டிக்கட் கேட்பீர்களா, முழு டிக்கட் கேட்பீர்களா?

"இதிலென்ன சந்தேகம்? 12 வயது தாண்டினால் முழு டிக்கட்தானே" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. சட்டம் அப்படித்தான். ஆனால் தெஹிவளையிலிருந்து புறக்கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் போய் வருகின்ற எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும், பஸ்ஸின் மிதிபலகையில் ஏறியதும் அந்தச் சட்டம் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்று. கொண்டக்டர் யாருடைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் கேட்பதில்லை. அவர் பார்ப்பது உடுப்பை. கட்டைக் காற்சட்டை போட்ட பையன் என்றால் 13 வயதானாலும் அரை டிக்கட்டுக்குத்தான் காசு எடுப்பார். 11 வயதுப் பெண்பிள்ளை அபாயா உடுத்தித் தலையை மறைத்துக்கொண்டு ஏறினால் முழு டிக்கட். என் மூத்தவள் 11 வயதிலேயே பெரியவர்களுக்குரிய கட்டணத்தில் பிரயாணம் செய்யத் தொடங்கியவள். நாம் வாதாடினால் பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும். அந்த வயதுப் பிள்ளைக்கு அதைவிட வேறு வெட்கம் வேண்டுமா?

மகனின் கதை இதற்கு நேர்மாறு. உருவத்தில் சிறியவன். 13 வயது நிறைந்த பிறகும் கொண்டக்டர்மார் அவனுக்கு அரை டிக்கட் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அவனே, "எனக்கு முழு டிக்கட் தாங்க" என்று கேட்டுவிட்டான். நேர்மைக்காகக் கேட்டானா, அல்லது பின் ஆசனத்தில் அவனுடைய வகுப்புப் பையன்கள் இருந்ததற்காகக் கேட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் கலந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எப்படியானாலும் நம் ஊரில் இந்தக் கணக்கு ஒரு கையிலேயே முடிந்துவிடுகிறது. வாப்பா ஒரு நோட்டை நீட்டி, "ஐந்து பேர், புறக்கோட்டை" என்கிறார். மிச்சக் காசு வருகிறது. முழுக் குடும்பத்தின் டிக்கட்டும் அவருடைய விரலிடுக்கில் இருக்கிறது. பிள்ளைகள் ஜன்னல் பக்கத்தை யார் பிடிப்பது என்று சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

இந்தப் பழக்கத்தோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வெளிநாட்டு நகரத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இப்போது நம்மவர்கள் பலருக்கு லண்டனிலோ பாரிஸிலோ ஒரு தங்கையோ நாநாவோ இருக்கிறார்கள். வைத்தியத்துக்கென்று சென்னைக்குக் குடும்பமாகப் போகிறவர்களும் அதிகம். விமான டிக்கட், விசா, கொண்டு போகும் சாமான், உறவினர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறோம். அங்கே போய் இறங்கிய பின் நாளாந்தம் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போகும் காசை யாரும் எழுதி வைப்பதில்லை. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் அந்தக் காசுதான் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும்.

காரணம் இதுதான். கைக்குழந்தைக்குப் பொதுவாகக் காசில்லை. பெரியவருக்குப் பொதுவாக முழுக் காசு. இடையில் நிற்கும் பிள்ளை யார் என்பதை ஒவ்வொரு நகரமும் தன் விருப்பப்படி தீர்மானிக்கிறது. என் மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். 13 வயதில் அவன் லண்டனில் பிள்ளை. பாரிஸில் 4 வயது முதல் 9 வயது வரைதான் அரைக் கட்டணம் என்பதால் அங்கே அவன் பெரிய மனிதன். நியூயோர்க்கில் வயதைக் கேட்பதே இல்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். 44 அங்குலத்துக்கு மேற்படாத பிள்ளைகள் மூன்று பேர் வரை ஒரு பெரியவரோடு சும்மா போகலாம். 44 அங்குலம் என்பது நமது ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம்! சிங்கப்பூரில் அந்த நாட்டு மாணவர்களுக்குச் சலுகை அட்டை உண்டு. நம்மைப்போல் சுற்றிப் பார்க்கப் போகும் பிள்ளை 7 வயதிலிருந்தே முழுக் கட்டணம் கொடுக்கவேண்டும். சென்னையில் கதையே வேறு. 2021 மே மாதத்திலிருந்து அங்கே சாதாரண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உம்மாவுக்கும் மகளுக்கும் காசில்லாத டிக்கட், மகனுக்கு மட்டும் காசுக்கு டிக்கட்!

நாங்கள் போனது லண்டனுக்கு. 2023 ஜூலை கடைசியில், 12 நாள். 2022ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை பிந்திப்போய் 2023 மே கடைசியிலும் ஜூனிலுமாக நடந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். மூத்தவள் அதை எழுதி முடித்து ஓய்வாக இருந்தாள். ஹரோவில் இருக்கும் என் தங்கை பல வருடங்களாக அழைத்துக்கொண்டிருந்தவள். கணவரும் நானும், 16 வயது மகள், 13 வயது மகன், 9 வயதுக் கடைக்குட்டி, ஆக ஐந்து பேர். தங்க இடமும் சாப்பாடும் தங்கை வீட்டில். செலவு முழுவதும் போக்குவரத்தில்தான் என்று புறப்படும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

அப்போது ஒரு ஸ்டெர்லிங் பவுண் 400 ரூபாய்க்குச் சற்று மேல். (பவுண் என்றதும் நமக்கு நகைக் கடைதான் ஞாபகத்துக்கு வரும், இது அந்தப் பவுண் அல்ல.) 2022ஆம் ஆண்டு பிறந்தபோது அதே பவுண் 270 ரூபாய் அளவில்தான் இருந்தது. பின்னர் நாட்டுக்கு வந்த நெருக்கடியை நான் சொல்லத் தேவையில்லை; எரிவாயு வரிசையில் நின்ற சகோதரிகள்தானே நாமெல்லாம். லண்டன் பஸ்ஸில் ஒரு தரம் ஏற 1 பவுண் 75 பென்ஸ். அதாவது 700 ரூபாய். தெஹிவளையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் காசோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தலை சுற்றும். ஒப்பிடாதிருப்பதே நல்லது.

முதலாவது விஷயம், லண்டன் பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள். 2014 ஜூலை முதல் அது நின்றுவிட்டது. ஒய்ஸ்டர் என்று ஒரு நீல நிறக் கார்ட் இருக்கிறது. அதில் பணத்தை ஏற்றி, ஏறும்போது மஞ்சள் வட்டத்தில் தொடவேண்டும். அல்லது வங்கிக் கார்டைத் தொடலாம். கணவர் தம்முடைய வங்கிக் கார்டை எடுத்துக்கொண்டு, நம் ஊர் வழக்கப்படி "ஐந்து பேர்" என்று சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தார். அது நடவாது. ஒரு கார்டுக்கு ஒரு ஆள். வாப்பாவின் கார்ட் வாப்பாவுக்கு மட்டும்தான் கதவைத் திறக்கும். 11 வயதைத் தாண்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கார்ட் வேண்டும். 16 வயதில் வங்கிக் கார்ட் வைத்திருக்கும் பிள்ளை நம்மில் யாருடைய வீட்டில் இருக்கிறது? ஆகவே ஒய்ஸ்டர்தான் வாங்கவேண்டும். அந்த வெறும் கார்டுக்கே அப்போது 7 பவுண். அது திரும்பிக் கிடைக்காது. நாலு பேருக்கும் நாலு கார்ட், 28 பவுண். ஒரு அடி நகருமுன்பே 11,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

இனி வயதுக் கணக்கு. 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு லண்டன் பஸ்ஸில் காசில்லை, கார்டும் தேவையில்லை. நிலக்கீழ் ரயிலிலும் காசு கொடுக்கும் ஒரு பெரியவரோடு அப்படிப்பட்ட நாலு பிள்ளைகள் வரை சும்மா போகலாம். ஆகவே கடைக்குட்டி தப்பித்தாள். 11 முதல் 15 வரையான, அந்த ஊரில் வசிக்காத பிள்ளைகளுக்கு ஒரு சலுகை இருந்தது. பிள்ளையை நேரில் கூட்டிக்கொண்டு நிலக்கீழ் ரயில் நிலையத்துக்குப் போய் ஊழியரிடம் சொன்னால், அந்தப் பிள்ளையின் ஒய்ஸ்டர் கார்டில் அரைக் கட்டணத்தைப் பதிந்து தருவார். அதற்குத் தனியாகக் காசில்லை. 14 நாளைக்குச் செல்லும். இதைக் கேட்காவிட்டால் கிடைக்காது என்பதைக் கவனியுங்கள். கார்டை வாங்கிப் பணத்தை ஏற்றிக்கொண்டு பேசாமல் போனால் 11 வயதுப் பிள்ளைக்கும் முழுக் கட்டணம்தான் வெட்டும். யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள்.

நாங்கள் போய் இறங்கிய அன்று இரவு தங்கை வீட்டில் விருந்து. அயலில் இருக்கும் நம் நாட்டுக் குடும்பங்கள் சிலவும் வந்திருந்தன. பேச்சு இந்தக் கார்ட் விஷயத்துக்கு வந்தபோது, நல்ல மனதுள்ள ஒரு பெரியவர் மகனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவருக்கு எதுக்குக் கார்ட்? பார்க்கப் பத்து வயசு மாதிரித்தானே இருக்கிறார். தங்கச்சியோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டு போங்கோ. யாராவது கேட்டாப் பத்து எண்டு சொல்லுங்கோ. கேக்கவும்மாட்டாங்க."

அவர் எங்கள் பணத்தை மிச்சப்படுத்தத்தான் சொன்னார். அதை நான் குறையாக எடுக்கவில்லை. மேசையில் சிரிப்பு எழுந்தது. கணவர் ஒன்றும் பேசவில்லை. அவர் மனக்கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. நானும் போட்டேன். 7 பவுண் கார்ட், அதற்கு மேல் 12 நாளைக்கு அரைக் கட்டணம். எல்லாம் சேர்ந்தால் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். இது சின்னத் தொகை அல்ல, சகோதரிகளே. பாடசாலை வேனுக்கு மாத முடிவில் எண்ணி எண்ணிக் கொடுக்கிற கையல்லவா எங்கள் கை. "ஒரு பொய்தானே" என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை என்று சொல்லி உங்கள் முன் நல்ல பேர் எடுக்க நான் விரும்பவில்லை.

நான் மகனைப் பார்த்தேன். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது.

அந்தப் பொய்யை நாங்கள் சொல்லப்போவதில்லை, அவன்தான் சொல்லவேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு கதவடியிலும் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைக் குறுக்கி, 12 நாளைக்கு அவன் 10 வயதுப் பிள்ளையாக நடிக்கவேண்டும். வீட்டில் ஸுபஹுக்கு எழுப்பும்போது "இனி நீ சின்னப்பிள்ளை அல்ல, எழும்பு" என்று சொல்வது நாங்கள்தான். நோன்பு பிடிக்க, வாப்பாவோடு ஜும்ஆவுக்குப் போக, உம்மாவின் பையைத் தூக்க அவன் பெரியவன். ரயில் கதவடியில் மட்டும் சின்னவனா? எந்த வாயால் அதைச் சொல்வது?

"13 வயசுக்கு அரைக் கட்டணம் இருக்கிறதாம். அது போதும்" என்றேன். கணவர் தலையை ஆட்டினார். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்தப் பெரியவரும் கோபிக்கவில்லை. போகும்போது மகனின் தோளில் தட்டிவிட்டுத்தான் போனார்.

அடுத்த நாள் காலை ஹரோ நிலையத்தில் ஊழியர் ஒருவர் மகனைப் பார்த்து வயதைக் கேட்டார். நான் கைப்பையிலிருந்து கடவுச்சீட்டை எடுக்கப் போனேன். அதற்குள் மகன் முன்னால் வந்து தானே சொல்லிவிட்டான். ஊழியர் தம்முடைய கார்டை இயந்திரத்தில் தொட்டு, மகனின் கார்டையும் வைத்து ஏதோ செய்தார். ஒரு நிமிடமும் செல்லவில்லை.

இப்படி மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று நியாயம் ஆயிற்று. ஒருத்திக்கு இலவசம், ஒருவனுக்கு அரை, மூத்தவளுக்கு முழு. 16 வயதானால் சுற்றுலாப் பிள்ளைக்கு அந்த 14 நாள் சலுகை இல்லை. இதில் பட்ட கஷ்டத்தைத்தான் நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

தங்கையின் மகளுக்கும் 16 வயது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸிப் என்று படம் ஒட்டிய ஒரு கார்ட் உண்டு. 2005ஆம் ஆண்டு 16 வயதுக்குட்பட்டவர்களுக்கும், மறுவருடம் படித்துக்கொண்டிருக்கும் 16, 17 வயதினருக்கும் லண்டனில் பஸ் இலவசமாக்கப்பட்டது. அதற்கு ஒரு நிபந்தனையும் இருக்கிறது. பஸ்ஸில் ஒழுங்காக நடந்துகொள்ளாவிட்டால் அந்தக் கார்டைப் பறித்துவிடலாம். (நம் பாடசாலைப் பையன்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.) ஆக இரண்டு பிள்ளைகள், ஒரே வயது, ஒரே பஸ், ஒரே ஆசனம். ஒருத்தி தொட்டால் காசு போவதில்லை. மற்றவள் தொட்டால் 700 ரூபாய்.

மூன்றாம் நாள் காலை எல்லோரும் புறப்பட்டு நிற்கும்போது மூத்தவள் உடுத்தாமல் இருந்தாள். "நான் சாச்சியோட வீட்டில இருக்கிறேன் உம்மா, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். தலைவலியா என்று கேட்டேன். இல்லை என்றாள். அன்று போகவிருந்தது தென் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று நூதனசாலைக்கு. உயிரியல் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை அவள். இலங்கையிலிருக்கும்போதே அதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அறைக்குள் கூட்டிப்போய்த் திரும்பக் கேட்ட பிறகுதான் சொன்னாள், ஒவ்வொரு தரமும் கார்டைத் தொடும்போது எத்தனை ரூபாய் என்று மனதுக்குள் பெருக்கிப் பார்க்கிறாளாம். வீட்டிலேயே ஆகக் கூடிய செலவு தனக்குத்தானாம்.

உள்ளே போக ஒரு சதமும் வாங்காத நூதனசாலை அது. போய்ச் சேருவதற்குத்தான் காசு. அந்தக் காசை நினைத்து ஒரு பிள்ளை வீட்டில் இருந்துவிடப் பார்த்தாள். நம் பெண்பிள்ளைகள் இப்படித்தான். கேட்க வேண்டியதைக் கேட்காமல் தங்களைத் தாங்களே கழித்துக்கொள்வார்கள். நல்ல பிள்ளை என்று நாமும் மெச்சிக்கொள்வோம். நான் அன்று மெச்சவில்லை. கைப்பையிலிருந்த சிறிய கொப்பியை எடுத்துக் காட்டினேன். கொழும்பிலிருக்கும்போதே தங்கையிடம் டெலிபோனில் கேட்டு, ஆள் ஆளாக, நாள் நாளாக எழுதி வைத்திருந்த கணக்கு அது. அவளுடைய பெயருக்கு நேரே முழுக் கட்டணம் எழுதியிருந்தது. "இது நேற்று யோசித்த காசு இல்லை மகள். பிளேன் டிக்கட் எடுக்க முன்னமே உனக்கெண்டு ஒதுக்கிய காசு. நீ போகாவிட்டால் அது மிச்சமாவதில்லை, வீணாகும்" என்றேன். பிறகு அந்தக் கொப்பியையும் பேனாவையும் அவள் கையிலேயே கொடுத்து, இனி அன்றாடக் கணக்கை நீதான் எழுதவேண்டும் என்றேன்.

அதன் பிறகு எங்கள் பிரயாணமே மாறிவிட்டது. கணக்கு கைக்கு வந்ததும் பிள்ளைக்கு அதன் வழிகளும் தெரிந்துவிட்டன. பஸ்ஸில் முதலாவதாகத் தொட்ட நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேறு எந்த பஸ்ஸில் ஏறினாலும் மறுபடி காசு வெட்டுவதில்லை. இதை அவளும் தம்பியும் ஒரு விளையாட்டாக்கிக்கொண்டார்கள். "இன்னும் 11 நிமிஷம் இருக்கு உம்மா, ஓடி வாங்க!" என்று என்னை வெம்பிளித் தெருவில் ஓட வைத்தார்கள். அபாயாவோடு நான் ஓடிய ஓட்டத்தைக் கடைக்குட்டி இன்றும் நடித்துக் காட்டுவாள். அப்போது ஒரு நாளில் எத்தனை பஸ்ஸில் ஏறினாலும் 5 பவுண் 25 பென்ஸுக்கு மேல் ஒருவரிடம் எடுக்கவில்லை. மூன்று தரம் ஏறிய காசு அது. ஆகவே பஸ்ஸில் மட்டும் சுற்றும் நாட்களில் எங்கள் ஐந்து பேருக்கும் மொத்தம் 18 பவுண் சொச்சத்தைத் தாண்டவில்லை. நிலக்கீழ் ரயில் இதைவிட அதிகம். வாரநாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் பின்னேரம் 4 மணி முதல் 7 மணி வரையும் இன்னும் அதிகம். நகரத்துக்குள் போகும் நாட்களில் 9.30க்குப் பிறகுதான் நிலையத்துக்குள் காலடி வைப்பது என்று மூத்தவள் சட்டம் போட்டாள். வாப்பாவுக்கும் அதே சட்டம்.

கார்டை யார் வைத்திருப்பது என்பதில் முதல் நாள் ஒரு பேச்சு வந்தது. பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள் என்று நாலையும் கணவர் தம்முடைய பர்ஸில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். ஒவ்வொரு கதவடியிலும் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதற்குள் பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. அன்றே அவரவர் கார்ட் அவரவர் கையில் என்று ஆயிற்று. மகனுக்கு ஒரு நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டோம். ரயிலென்றால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தொடவேண்டும், பஸ்ஸென்றால் ஏறும்போது மட்டும். இதைப் பாடமாகவே சொல்லிக் கொடுத்தேன். ரயிலில் வெளியே வரும்போது தொட மறந்தால் ஆகக் கூடிய கட்டணத்தை வெட்டிவிடும். கார்டே இல்லாமல் பரிசோதகரிடம் அகப்பட்டால் அப்போது 80 பவுண் தண்டம். 2024 மார்ச்சிலிருந்து அது 100 பவுண். வங்கிக் கார்டைத் தொட்டு உள்ளே போய், அதே வங்கிக் கார்ட் ஏற்றிய டெலிபோனைத் தொட்டு வெளியே வந்தாலும் இரண்டு வெவ்வேறு ஆட்களாகத்தான் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். இது பெரியவர்களுக்கு.

எட்டாம் நாள் பின்னேரம் பேக்கர் வீதி நிலையம். நகரத்திலிருந்து ஹரோவுக்குத் திரும்புகிறோம். சனம் என்றால் அப்படியொரு சனம். ரயில் வந்தது. மகன் கூட்டத்தோடு உள்ளே போய்விட்டான். நாங்கள் காலை வைக்குமுன் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவனுடைய முகம் நகர்ந்து போனதை நான் எப்படிச் சொல்ல? அவனிடம் டெலிபோன் கிடையாது. அடுத்த ரயில் வரும்வரை நான் ஓதாத ஓதல் இல்லை.

யாராவது தவறினால் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்கவேண்டும் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். பேக்கர் வீதிக்கு அடுத்தது பின்ச்லி ரோட். ஆறேழு நிமிட ஓட்டம். ரயில் உள்ளே நுழையும்போதே நான் ஜன்னலோடு ஒட்டி நின்றேன். மேடையில் ஒரு வாங்கில் இருந்தான். எங்களைக் கண்டதும் எழும்பி, அவசரமில்லாமல் நடந்து வந்து ஏறினான். நான் அவனைக் கட்டிப் பிடித்ததைப் பார்த்து ரயிலில் இருந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி சிரித்தார். "பயந்தாயா?" என்று கேட்டேன். "ஏன் பயம்? கார்ட் என்கிட்டத்தானே இருக்கு. நீங்க வராட்டி நானே ஹரோவுக்குப் போயிருப்பேன்" என்றான். கழுத்து நாடாவை இறுக்கிப் பிடித்திருந்த கை மட்டும் வியர்த்திருந்தது. முதல் நாள் போல் கார்ட் வாப்பாவின் பர்ஸில் இருந்திருந்தால் அந்த மேடையில் என் பிள்ளை டிக்கட் இல்லாத ஆளாகத்தான் நின்றிருப்பான். 10 வயதுப் பிள்ளையாகக் கூட்டி வந்திருந்தாலும் அதுதான் கதி. கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதைப்பற்றி நாங்கள் பேசவில்லை.

திரும்பி வரும்போது நாலு கார்டிலும் கொஞ்சம் கொஞ்சம் பணம் மிஞ்சியிருந்தது. ஒய்ஸ்டரில் மிஞ்சும் பணம் காலாவதியாவதில்லை என்பதால் கார்டுகளை அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். அண்மையில் பக்கத்து வீட்டுச் சகோதரி, தன் நாநாவிடம் லண்டனுக்குக் குடும்பமாகப் போவதாகச் சொல்லி வந்தார். கார்டுகளையும் மூத்தவளின் கொப்பியையும் எடுத்துக் கொடுத்தேன். இவை 2023 கணக்கு, அங்கே கட்டணமும் சலுகையும் மாறிக்கொண்டிருக்கும், புறப்படுமுன் நாநாவிடம் இன்றைய கணக்கைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் கொப்பியைப் புரட்டிக்கொண்டே போய், 11 வயது என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். அவருடைய மகனுக்கு 11 வயது நிறைவது அங்கே போய்ச் சேர்ந்த ஆறாம் நாளாம். "அப்போ அஞ்சு நாளைக்குச் சும்மா, ஆறாம் நாளிலிருந்து கார்டா?" என்று கேட்டார். ஆம் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அவனுக்கும் சேர்த்தே எழுதித் தாங்கோ" என்றார். மூத்தவளைக் கூப்பிட்டு, ஆறாம் நாளிலிருந்து ஒரு புதிய வரி போடச் சொன்னேன்.